மயூரத்தின் வேர் எது? வடசொல்லுக்கு வேர் தேட நான்கு வழிகள்

போன மாசியில் அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். முதுகலைத் தமிழ் படிக்கிறாள். காவிரிக் கரைத் தலபுராணங்களில் வரும் ஊர்ப்பெயர்களை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டாள்: "மாமா, வடசொல்லுக்கு வேர் பாக்கணும். யார்கிட்டயாவது தாதுபாடம் படிக்கவா, நிருக்தம் வாங்கவா, இல்ல அகராதியே போதுமா? ஒரு வருஷந்தான் டைம் இருக்கு." (தாதுபாடம் வடமொழி வினைவேர்களின் பட்டியல். நிருக்தம் வேதச் சொற்களுக்குப் பொருள் காணும் பழைய நூல்.)

"அகராதி போதும்மா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் அந்தப் பதில் தப்பு என்று உறைத்தது. இருபது வருடமாக இந்த வழிகளில் மாறி மாறி அலைந்தவன் நான். எது எங்கே கொண்டுபோய் விடும், எங்கே பாதியில் இறக்கிவிடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கும், அவளைப் போலத் தமிழ்ப் பக்கத்திலிருந்து இதற்குள் வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வேருக்கு முன்னால் வடிவம்

எந்த வழியில் போனாலும் முதலில் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ" என்பது தொல்காப்பியர் வாக்கு. வடமொழிக்கே உரிய எழுத்துகளை விட்டுவிட்டு, தமிழ் எழுத்தோடு பொருந்தி வருவதுதான் தமிழில் வழங்கும் வடசொல். பேசவும் எழுதவும் அது நமக்குச் சௌகரியம். வேர் தேடுகிறவருக்கோ அதுவே முதல் தடை.

நம் பக்கத்துச் சொற்களையே பாருங்கள். அன்னதானம், ஆதீனத்து மகாசந்நிதானம், தஞ்சை சமஸ்தானம். மூன்றிலும் 'தானம்' காதில் விழுகிறது. மூன்றுக்கும் வேர் வேறு. அன்னதானத்தில் இருப்பது தா³, கொடுத்தல். சந்நிதானத்தில் இருப்பது தா⁴, வைத்தல், தாங்குதல். அதற்கு முன்னால் ஸம், நி என்ற இரண்டு முன்னொட்டுகள் சேர்ந்து 'அருகில் இருப்பது' என்ற பொருள் வருகிறது. சமஸ்தானத்தில் இருப்பது ஸ்தா², நிற்றல். (மேலே போட்டிருக்கும் எண், சுலோகப் புத்தகங்களில் பார்த்துப் பழகிய எண்தான். த, த², த³, த⁴ என்ற மாதிரி வர்க்கத்தில் எத்தனையாவது ஒலி என்று காட்டும்.)

பிரதானம் என்று எழுதினால் முக்கியமானது என்ற சொல்லும் அதுவே, கொடை என்ற சொல்லும் அதுவே. முன்னது தா⁴, பின்னது தா³. கதை என்றால் சொல்லும் கதையும் உண்டு, பீமன் கையில் இருக்கும் கதையும் உண்டு. பாவம் என்றால் நாட்டியத்தில் வரும் பாவம் பூ⁴ என்ற வேரிலிருந்து வருகிறது. செய்த பாவம் வடமொழியில் 'பாப'. இந்த இடத்தில் சறுக்கினால் அடுத்து எவ்வளவு பெரிய நூலைப் புரட்டினாலும் தப்பான வேரில்தான் போய் நிற்போம்.

இந்த முதல் வேலைக்கு நான் நம்புவது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்தார். 1939ல் இணைப்புத் தொகுதியும் வந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அதன் வடமொழி வடிவத்தைப் பக்கத்திலேயே கொடுத்துவிடும். எது வடசொல் என்பதில் அது எடுத்த முடிவுகள் சிலவற்றைத் தமிழறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள். தேவநேயப் பாவாணர் கடுமையாகவே மறுத்தார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வடிவத்தோடு அது நின்றுவிடும். தாது, அதாவது வினைவேர் வரைக்கும் கூட வராது. அங்கிருந்துதான் நாலு வழி பிரிகிறது.

ஒரு சொல், நாலு பதில்

மயிலாடுதுறை தேவாரத்திலேயே இருக்கும் பெயர். பிற்காலத்தில் அது மாயூரம் ஆயிற்று. பேச்சில் மாயவரம் ஆனது. 1982ல் திரும்பவும் மயிலாடுதுறை என்றே வந்தது. அம்பிகை மயிலாக வந்து பூசித்த தலம் என்பது புராணம். சுவாமி பெயர் மாயூரநாதர். மயூரம் என்றால் மயில்.

பல வருடம் முன்னால் ஒரு கோயில் குடமுழுக்கு மலருக்கு இந்தச் சொல்லைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். 'மஹ்யாம் ரௌதி', அதாவது பூமியில் நின்று கூவுகிறது, அதனால் மயூரம் என்று ஒரு பெரியவர் உபந்நியாசத்தில் சொல்லக் கேட்டிருந்தேன். சொல் பிறந்த வரலாறே இதுதான் என்று அச்சில் போட்டுவிட்டேன். மலர் வெளியான வாரத்திலேயே ஒரு வாசகர் கடிதம் போட்டார். உணாதி சூத்திரம் என்ற சொல்லாக்க விதிநூலில் இதற்கு வேறு தாது சொல்லியிருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தத் தபால் அட்டையை ரொம்ப நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என் தேடல் அதிலிருந்துதான் தொடங்கியது.

கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு பதிலா? நாலு கிடைத்தது. உணாதி மரபில், துன்புறுத்தல், கொல்லுதல் என்ற பொருளுடைய 'மீ' என்ற தாதுவோடு 'ஊரன்' என்ற விகுதி சேர்ந்து மயூரம். பாம்பைக் கொல்வதால் அந்தப் பெயர். வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் சூத்திரத்துக்கு உரையான காசிகையில், நான் எழுதிய அதே 'மஹ்யாம் ரௌதி'. மோனியர் வில்லியம்ஸ் அகராதியில், ஒலியெழுப்புதல் என்ற பொருளுடைய 'மா' என்ற தாதுவாக இருக்கலாம் என்ற ஊகம். திராவிட மொழி ஒப்பியல்காரர்களைக் கேட்டால், நம் மயிலையும் மஞ்ஞையையும் பக்கத்தில் வைத்து, இது வடமொழிக்குள் வெளியிலிருந்து போன சொல் என்கிறார்கள். முண்டா மொழிகளில் மயிலுக்கு இருக்கும் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ரிக்வேதத்திலேயே மயூரம் இருக்கிறது. இந்திரனின் குதிரைகளுக்கு மயிலின் மயிர் என்று ஒரு வருணனை வரும். ஆக, சொல் போயிருந்தால் அவ்வளவு பழங்காலத்திலேயே போயிருக்கிறது.

இந்த நாலு பேரும் ஒரே கேள்விக்கு நாலு பதில் சொல்வதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளே வேறு. 'இந்தச் சொல்லை இலக்கணப்படி எப்படிக் கட்டிக் காட்டலாம்?' என்பது ஒரு கேள்வி. 'இந்த இடத்தில் இதை எப்படிப் பொருள் கொள்ளலாம்?' என்பது இன்னொன்று. 'இது எங்கிருந்து வந்தது?' என்பது மூன்றாவது. உனக்கு வேண்டியது எந்தக் கேள்வி என்று தெரியாமல் புத்தகம் வாங்கப் போகாதே என்பதைத்தான் அன்றைக்குத் திண்ணையில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

தாதுபாடம்

நான் ரொம்ப நேசிப்பது இந்த வழியை. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

பாணினி மரபின் தாதுபாடம் ஏறக்குறைய 2,000 வினைவேர்களின் பட்டியல். பத்துக் கணங்களாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு தாதுவுக்கும் பக்கத்தில் இரண்டொரு சொல்லில் பொருள். 'பூ⁴ ஸத்தாயாம்' என்று தொடங்கும்: பூ⁴ என்பது இருத்தலில், அதாவது இருத்தல் என்ற பொருளில் வரும். நம் வீடுகளில் பலருக்கும் தெரியாமலே தாதுபாடத்தில் ஒரு வரி மனப்பாடம். பஜகோவிந்தத்தில் வரும் 'டுக்ருஞ்கரணே' தாதுபாடத்து வரிதான். க்ரு என்பது செய்தலில். முன்னாலும் பின்னாலும் ஒட்டியிருக்கும் 'டு', 'ஞ்' ஆகியவை இந்த வேர் எந்தெந்த விதிக்கு உட்படும் என்று காட்டும் குறிகள். சொல்லாக்கும்போது அவை உதிர்ந்துவிடும்.

அந்த ஒரு க்ருவை வைத்து எவ்வளவு சொல் திறக்கிறது என்று பாருங்கள். காரியம், காரணம், கருமம், கர்த்தா, கிரியை, அதிகாரம், உபகாரம், விகாரம், பிரகிருதி, சமஸ்கிருதம் என்ற பெயர் எல்லாமே அதிலிருந்து வந்தவை. தா⁴வை எடுத்தால் விதி, நிதி, சந்நிதி, சமாதி, சமாதானம். பூ⁴வை எடுத்தால் விபூதி, அனுபவம், சம்பவம், பிரபு, சுயம்பு. ஒரு நூறு தாதுவும் இருபது முன்னொட்டும் கைக்கு வந்துவிட்டால் தலபுராணத்தில் பாதிச் சொல்லை அகராதி இல்லாமலே பிரித்துவிடலாம். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது. சொல்லைப் பார்த்தவுடன் பகுதி, விகுதி என்று கை தானாகப் பிரிக்க ஆரம்பிக்கும். நன்னூல் பகுபதம் படித்த பிள்ளைக்கு இது ஒன்றும் அந்நியமாகவும் இருக்காது.

இந்தப் படிப்பு நம் மண்ணில் ஊறிய படிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். பட்டோஜி தீட்சிதரின் சித்தாந்த கௌமுதி என்ற இலக்கண நூலுக்குப் பாலமனோரமா என்று ஓர் உரை உண்டு. இன்றைக்கும் நாடெங்கும் மாணவர்கள் கையில் இருக்கிறது. அதை எழுதிய வாசுதேவ தீட்சிதர் தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்தில் இங்கே இருந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர். 1693ல் ஷாஹஜி மன்னர் 40க்கு மேற்பட்ட புலவர்களுக்கு மானியமாகக் கொடுத்த ஊர். அங்கே இருந்த ராமபத்ர தீட்சிதர் உணாதி சூத்திரங்களுக்கே உணாதிமணிதீபிகை என்று உரை எழுதினார். மயூரத்துக்குத் தாது சொல்கிற அந்த உணாதிக்கு! மாயவரத்துக்கும் திருவிசநல்லூருக்கும் இடையில் இருப்பது அரைநாள்கூடப் பிடிக்காத தூரம்.

இனி இதன் குறைகள். முதலாவது, பட்டியலில் இருக்கும் தாதுக்களில் பாதிக்கு மேல் எந்த இலக்கியத்திலும் வினையாக வழங்கியதற்குச் சான்று இல்லை. அமெரிக்க அறிஞர் விட்னி இதைக் கணக்குப் பார்த்து, நூல்களில் உண்மையாக வழங்கும் வேர்களை மட்டும் 1885ல் தனி நூலாகத் தொகுத்தார். அந்தத் தொகை ஆயிரத்தை எட்டவில்லை. இரண்டாவது, பொருள் குறிப்பு மிகவும் சுருக்கம். நூற்றுக்கணக்கான தாதுக்களுக்கு 'க³தௌ', போதலில், என்று மட்டும்தான் இருக்கும். எப்படிப் போதல் என்று கேட்டால் உரைகாரர்களிடம்தான் போகவேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: இது வரலாறு சொல்ல எழுந்த நூல் கிடையாது. சொல்லைக் கட்டுவதற்கான சரக்கு அறை இது. வேறு எங்கிருந்தோ வந்த சொல்லுக்கும் இங்கே ஒரு தாது கிடைத்துவிடும்.

மரபுக்கே இது தெரியும். அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சாதாரண விதிகளால் பிரிக்க முடியாத சொற்களுக்குத்தான் ஏறக்குறைய 750 உணாதி சூத்திரங்கள். அப்படிப் பிரித்துக் காட்டிவிட்டு, இலக்கண நடைமுறையில் இந்தச் சொற்களைப் பிரிக்கப்படாதவையாகவே கொள்ளலாம் என்று வையாகரணர்களே, அதாவது அந்த இலக்கணக்காரர்களே, ஒரு கொள்கையும் வைத்திருக்கிறார்கள். காசிகையில் 'மஹ்யாம் ரௌதி' வரும் இடமும் அப்படிப்பட்டதுதான். விதிக்கு அடங்காமல், பெரியோர் வழங்கியபடியே ஏற்றுக்கொள்ள வேண்டிய சொற்கள் என்று பாணினி ஒதுக்கிய இனம் அது. குடமுழுக்கு மலரில் நான் வரலாறு என்று போட்டதை அதைச் சொன்னவர்களே வரலாறு என்று சொல்லியிருக்கவில்லை.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று இருக்கிறது. கும்பகோணம் ராஜா வேத காவ்ய பாடசாலை போன்ற பழைய இடங்கள் பையன்கள் உடன் தங்கிப் படிக்கிற இடங்கள். அக்கா மகள் அங்கே போய் உட்கார முடியாது. திருவையாறு அரசர் கல்லூரி மாதிரி வடமொழியும் தமிழும் ஒரே கூரையின்கீழ் சொல்லித்தருகிற இடங்களில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பக்கம் நிறையப் பேர். வீட்டுக்குப் போய்க் கேட்டால் ஆண், பெண் பார்க்காமல் சொல்லித்தருவார்கள். அவர்களுக்கும் கேட்க ஆள் வேண்டும்.

நிருக்தம்

யாஸ்கரின் நிருக்தம் வேதச் சொற்களுக்குப் பொருள் காண எழுந்த நூல். பொருளை நிலையாக வைத்துக்கொண்டு சொல்லை ஆராய். இலக்கண ஆக்கம் பொருந்தவில்லை என்றால் அதைப் பொருட்படுத்தாதே என்பது அவர் போக்கு. அக்னிக்கு அவர் காட்டும் வழிகளைப் பாருங்கள். 'அக்ரணீ', முன்னால் நடத்திச் செல்வது என்கிறார். ஸ்தௌலாஷ்டீவி என்ற ஆசிரியர், ஈரமாக்காதது என்று பிரிக்கிறார் என்று சொல்கிறார். சாகபூணி என்பவர் ஒரே சொல்லுக்குள் மூன்று வினைகள் இருப்பதாகச் சொன்னதையும் குறிக்கிறார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளவில்லை. தீ முன்னால் போகிறது, உலர்த்துகிறது, எரிக்கிறது. எல்லாமே தீயைப் பற்றிய உண்மைதானே?

நம் ஊர் உபந்நியாசங்களில் கேட்கிற சொல்விளக்கம் பெரும்பாலும் இந்த வழியில் வந்தது. சொல்லை வைத்துத் தியானிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஆய்வேட்டில் 'இச்சொல் இவ்வாறு தோன்றியது' என்று எழுத இதை எடுக்கக்கூடாது. லத்தீனில் தீக்கு 'இக்னிஸ்', லிதுவேனிய மொழியில் 'உக்னிஸ்'. அவை இருக்கும்போது அக்னியை 'அக்ரணீ' என்பதன் சுருக்கமாகக் கொண்டால் அந்தச் சொற்களை எங்கே வைப்பது?

நிருக்தத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் வேறு. பெயர்ச்சொற்கள் எல்லாமே வினையிலிருந்து பிறந்தவை என்று சாகடாயனர் சொன்னார். எல்லாமே அப்படி இல்லை என்று கார்க்கியர் மறுத்தார். அவர் வாதம் எளிமையானது. வழியைக் கடப்பதால் குதிரைக்கு அச்வம் என்று பெயர் என்றால், வழியைக் கடக்கிற எல்லாவற்றையும் அச்வம் என்று கூப்பிட வேண்டுமே! குத்துவதால் திருணம் (புல்) என்றால், குத்துவதெல்லாம் திருணம் ஆகிவிடாதா? யாஸ்கர் தமக்கு எதிரான இந்த வாதத்தை மறைக்காமல் முழுசாக எழுதிவைத்து, பிறகு பதில் சொல்கிறார். நம் தொல்காப்பியரோ உரியியலில் "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறார். சொல்லுக்கு இந்தப் பொருள் வந்ததன் காரணம் பளிச்சென்று தெரியாது என்று. காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பார்த்தவுடன் தெரியாது என்கிறார். கார்க்கியரையும் தொல்காப்பியரையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

எல்லாரும் ஒத்துப்போகிற சொற்களும் உண்டு. நதி அப்படி ஒன்று. ஒலித்தல் என்ற பொருளுடைய நத்³ என்ற வேர். தாதுபாடத்தில் அது இருக்கிறது, 'ஒலி உடையவை ஆதலால் நதிகள்' என்று யாஸ்கரும் சொல்கிறார், மோனியர் வில்லியம்ஸும் அங்கேதான் வைக்கிறார். கல்லணையில் ஷட்டர் திறந்த அன்றைக்கு நின்று கேட்டவர்களுக்கு இந்த வேரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அகராதிகள்

இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை. மோனியர் வில்லியம்ஸின் இரண்டாம் பதிப்பு 1899ல் வந்தது. ஆப்தே அகராதி 1890. இரண்டும் ஆங்கிலத்தில் பொருள் சொல்பவை. மோனியரில் சொல்லோடு தாதுவும், எந்த நூலில் வருகிறது என்ற குறிப்பும், ஐரோப்பிய மொழிகளில் உள்ள உறவுச் சொல்லும் சேர்ந்திருக்கும். ஆப்தேயில் காவியங்களிலிருந்து மேற்கோள் அதிகம். புராணம் படிக்கிறவருக்கு ஆப்தேதான் கைக்கு அடக்கம். மோனியரைக் கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பணம் செலவு இல்லை, நேரமும் மிச்சம்.

ஆபத்தும் அதே மிச்சத்தில் இருக்கிறது. அகராதி போட்ட தாது மரபு சொன்னதா, ஆசிரியரின் ஊகமா என்று அவசரத்தில் கவனிக்க மாட்டோம். 'இருக்கலாம்' என்று அவர் அடைப்புக்குறிக்குள் போட்டது நம் கட்டுரைக்கு வரும்போது 'ஆகும்' என்று மாறிவிடும். மயூரத்துக்கு மோனியர் சொன்ன 'மா' அப்படிப்பட்ட ஊகம்தான். இன்னொன்று, அகராதியை மட்டும் நம்பினால் ஒவ்வொரு சொல்லுக்கும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வருடம் அப்படித்தான் தட்டினேன். நூறு சொல் தேடியும் நூற்றொன்றாவது சொல்லை நானாகப் பிரிக்கத் தெரியவில்லை.

ஒப்பியல்

'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு நேரான வழி இதுதான். 1786ல் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் உறவு இருப்பதைச் சொன்னபோது, வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் இருக்கிற ஒப்புமையைத்தான் காட்டினார். 1816ல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், தென்மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை இல்லை என்று நிறுவியதும் வேர்களை வைத்துத்தான். தாதுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெலுங்கின் வேர்கள் தமிழோடும் கன்னடத்தோடும் சேர்வதையும், சமஸ்கிருதத் தாதுக்களிலிருந்து விலகுவதையும் காட்டினார். கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கண நூல் வர அப்புறம் 40 ஆண்டுகள் இருந்தன. பண்டிதர்கள் சொல் கட்டுவதற்காகப் பாதுகாத்த தாதுப் பட்டியல், தமிழ்க் குடும்பம் தனி என்று காட்டவும் பயன்பட்டது.

இன்றைக்குக் கையில் எடுக்க வேண்டியவை இரண்டு. பரோவும் எமனோவும் சேர்ந்து செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) ஒன்று. 5,500க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கிறது. இன்னொன்று மைர்ஹோஃபர் செய்த வடமொழிச் சொற்பிறப்பியல் அகராதி. ஜெர்மன் மொழியில் இருப்பதால் நமக்குக் கஷ்டம். தெரிந்தவரை வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

இந்த வழியில் போனால் சில இடங்களில் மூச்சு நின்றுவிடும். முக்தா என்றால் முத்து. விடுபடுதல் என்ற பொருளுடைய முச் என்ற தாதுவிலிருந்து, சிப்பியிலிருந்து விடுபட்டது என்று மரபு அழகாக விளக்கும். பரோ அதை நம் 'முத்து' என்றே கண்டார். மீனம் நம் மீன். ரிக்வேதத்தில் போரடிக்கும் இடத்துக்கு 'க²லம்' என்று ஒரு சொல் வருகிறது. அதை நம் 'களம்' என்ற சொல்லோடு அவர் சேர்த்தார். கதிர் அடித்து நெல் தூற்றிய களத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாமே தமிழிலிருந்து போனது என்று பாய்ந்துவிடவும் கூடாது. பாவாணரின் வழியில் வந்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலி, தமிழ்ச் சொற்களுக்குள் இருக்கும் வேர்ப்பொருள் உறவுகளைத் தொடுத்துக் காட்டுவதில் பெரிய உழைப்பு. நான் அடிக்கடி திறக்கிறேன். ஆனால் ஒரு வடசொல்லின் வரலாற்றுக்கு அதை மட்டும் சாட்சியாக நிறுத்த மாட்டேன். எல்லாத் தமிழ்ச் சொல்லுக்கும் தாது கண்டுபிடிக்கிற பண்டிதரையும் அப்படி நிறுத்த மாட்டேன். லத்தீனிலும் கிரேக்கத்திலும் உறவுச் சொல் இருக்கிறதா, எந்தக் காலத்து நூலில் முதலில் வருகிறது, ஒலி மாற்றம் ஒழுங்காக இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் திசையைப் பற்றிப் பேசலாம். ஒப்பியல்காரர்களுக்குள்ளும் சண்டை உண்டு. பரோ தமிழ் என்று சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் எதை எடுப்பது?

ஊர்ப்பெயர் ஆய்வுக்கு என்று கேட்டால், பிறகு போனில் அக்கா மகளிடம் நான் சொன்ன பதில் இது. முதல் வாரத்திலிருந்தே தமிழ்ப் பேரகராதி, ஆப்தே இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். வாரம் ஒருநாள் ஓர் ஆசிரியரிடம் போய்த் தாதுபாடத்தில் நூறு வேர்களை மட்டும் எடுத்துக்கொள். விட்னியின் பட்டியலில் இருக்கிற, உண்மையாக வழங்குகிற வேர்களாகப் பார்த்து அவரையே பொறுக்கித்தரச் சொல். ஒரு வருடத்துக்கு அது தாராளம். நிருக்தத்தை வாங்காதே, நூலகத்தில் எடுத்து முதல் இரண்டு அத்தியாயத்தை மட்டும் படி. புராணக்காரர் ஒரு பெயருக்குக் காரணம் சொல்லும்போது அவர் மனம் எப்படி வேலை செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

ஆனால் 'இந்தப் பெயர் இதிலிருந்து வந்தது' என்று ஒரு வரி எழுதும் முன்னால் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் பார்க்காமல் பேனா எடுக்காதே. உன் விஷயத்தில் இது கட்டாயம். ஏனென்றால் நம் ஊர்களின் வடமொழிப் பெயர்கள் பல, தமிழ்ப் பெயரின் மொழிபெயர்ப்பு. மறைக்காடு வேதாரண்யம் ஆயிற்று. ஐயாறு பஞ்சநதம் ஆயிற்று. குடமூக்கு கும்பகோணம் ஆயிற்று. குடத்துக்குக் கும்பம், மூக்குக்கு 'கோ⁴ணா'. அது தமிழ் எழுத்தில் கோணம் என்று வந்தவுடன் மூக்கு மறைந்துபோய், மூலை என்ற பொருளில் ஆளுக்கொரு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். தேவாரத்தில் குடமூக்கு இல்லாமல் போயிருந்தால் இது நமக்குத் தெரியவே வந்திருக்காது. இந்த மாதிரிப் பெயருக்குத் தாது மட்டும் பார்த்தால் மொழிபெயர்ப்பின் வேர் கிடைக்குமே தவிர ஊரின் வேர் கிடைக்காது. மாயூரத்தில் இது இரட்டை முடிச்சு. மயிலை மயூரம் என்று மொழிபெயர்த்தார்கள். அந்த மயூரமே ரொம்பக் காலத்துக்கு முன்னால் மயிலிலிருந்து போன சொல்லாக இருக்கலாம்.

காவேரி என்ற பெயருக்குக் கவேர முனிவரின் மகள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், கா விரிந்த ஆறு என்று இன்னொரு பக்கம். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்பதோடு எழுது, அங்கேயே நிறுத்து என்றும் சொன்னேன்.

கோயில் ஊழியத்துக்காகவோ சுலோகத்தின் பொருளுக்காகவோ படிக்கிறவர்களுக்கு இந்த வரிசையே மாறும். அவர்கள் ஆசிரியரிடம் தாதுபாடம், பிறகு நிருக்தம் என்று போகலாம். ஒப்பியல் அவர்களுக்கு அவசரம் இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கப் பொருள் பார்க்கிறவர்களுக்கு ஆப்தே ஒன்றே போதும். பெயர்களுக்குப் பொருள் சொல்லும் சின்னப் புத்தகங்களை நம்ப வேண்டாம், அதில் பாதி தப்பு.

இதையெல்லாம் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா மகள் இப்போது சனிக்கிழமைதோறும் திருவிடைமருதூரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்குப் போகிறாள். போன வாரப் பாடம் 'ஷ்டா² க³திநிவ்ருத்தௌ'. மேலே பார்த்த ஸ்தா²வைத் தாதுபாடம் ஷ்டா² என்றுதான் எழுதும். ஷ்டா² என்பது நடை நின்றுபோவதில். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, தாவரம், நாம படற அவஸ்தை, பெரிய கோயில் அதிட்டானம், மூணும் ஒரே வேரா?"

"ஒரே வேர்தாம்மா."

"அப்ப பிரதிஷ்டை?"

அதுவும்தான் என்றேன்.